ஒரு பல் மட்டும் நிறம் மாறினால்: வெளுப்பதா, மூடுவதா, காத்திருப்பதா?

எல்லாப் பற்களும் சேர்ந்து மெல்ல மஞ்சளாவதற்கு வயது, தேய்மானம், காபி, தேநீர், புகை என்று பொதுவான காரணங்கள் உண்டு. வரிசையில் ஒரே ஒரு பல் மட்டும் சாம்பலாகவோ பழுப்பாகவோ தனித்து நின்றால், பெரும்பாலும் அந்தப் பல்லுக்குள்ளேயே ஏதோ நடந்திருக்கிறது. எப்போதோ பட்ட அடி, உள்ளே ஓடும் சொத்தை, ஓரம் விட்டுப்போன பழைய அடைப்பு, வேர்ச் சிகிச்சையில் (ரூட் கெனாலில்) சுத்தமாகாமல் தங்கிய மிச்சம் என இவற்றில் ஏதாவது ஒன்றாக இருக்கலாம்.

பால்பல் என்றால் விழுந்து இன்னொன்று முளைக்கும். நிலைப்பல்லுக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஒருமுறை அராவி எடுத்த எனாமல் (பல்லின் கடினமான மேலுறை) ஆயுளுக்கும் திரும்ப வளராது. அதனால் எந்த வழி அதிகம் வெள்ளையாக்கும் என்று கேட்பதற்கு முன், எந்த வழி பல்லை மிகக் குறைவாகக் குறைக்கும் என்று கேட்க வேண்டும். கீழே உள்ள ஒப்பீடு முழுவதும் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் போகிறது.

நிறத்தைப் படிப்பது

எந்த நிறம், எப்போது வந்தது என்ற இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அடிபட்ட சில நாள்களுக்குள் பல் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால், உள்ளே இருக்கும் பற்கூழில் (நாம் பொதுவாக 'நரம்பு' என்று சொல்லும் திசுவில்) இரத்தக் குழாய்கள் உடைந்து, எனாமலுக்கு அடியிலுள்ள டென்டின் என்ற அடுக்கின் நுண்குழல்களுக்குள் இரத்தம் புகுந்திருக்கிறது. தோலில் கன்றிய இடம் சிவந்து, நீலம் பாய்ந்து, பழுப்பாவது போலத்தான் இதுவும். ஆனால் தோலில் உடல் அந்தக் கழிவை அள்ளிக்கொண்டு போய்விடும். பல்லின் குழல்களுக்குள் போனது எளிதில் வெளியேறாது. சிவப்பணுக்கள் சிதைந்து இரும்பு வெளிப்படும்போது பல் சாம்பலாகும். பற்கூழ் செத்து, கிருமிகளும் சேர்ந்தால், அவை உண்டாக்கும் கந்தகச் சேர்மங்களோடு இரும்பு இணைந்து நிறம் இன்னும் கறுக்கும்.

மஞ்சள் நிறம் சொல்லும் செய்தி இதற்கு நேர் எதிர். அடிபட்டு மாதங்களோ ஆண்டுகளோ கழித்துப் பல் அடர்மஞ்சளானால், பெரும்பாலும் பற்கூழ் உயிரோடு இருக்கிறது. அது தற்காப்புக்காக உட்புறம் டென்டினை அடுக்கடுக்காகப் பூசி, தன் அறையையும் வேருக்குள் ஓடும் கால்வாயையும் தானே அடைத்துக்கொள்கிறது. தடித்த டென்டின் ஒளியை முன்போல் விடாததால்தான் மஞ்சள் தெரிகிறது. எக்ஸ்ரேயில் கால்வாய் நூல்போல மெலிந்திருக்கும், அல்லது கண்ணுக்கே படாது.

அடி எதுவும் சமீபத்தில் படாமலே, ஈறோரத்திலோ பல்லின் நடுவிலோ இளஞ்சிவப்புப் புள்ளி தோன்றினால் அது அவசரம். பல்லை உள்ளிருந்தோ வேர்ப்பக்கமிருந்தோ உடலின் செல்களே கரைத்துக்கொண்டிருக்கலாம். பெரும்பாலும் வலி இருக்காது. வலியில்லை என்று தள்ளிப்போட்டால், காப்பாற்றியிருக்கக்கூடிய பல் கைவிட்டுப் போகும்.

கடைவாய்ப்பல்லின் மேற்பரப்பு உடையாமல் இருக்க, எனாமலுக்கு அடியிலிருந்து சாம்பல் நிழல் தெரிந்தால் உள்ளே சொத்தை டென்டினை எட்டிவிட்டது என்று கொள்ளலாம். பழைய வெள்ளி அடைப்பைச் சுற்றித் தெரியும் கருநீலம் பல நேரம் உலோகச் சாயம் மட்டுமே. அங்கே சொத்தை இல்லாமலும் இருக்கும்.

காத்திருப்பதா, உடனே வேர்ச் சிகிச்சையா?

'பல் கறுத்துவிட்டது, ஆகவே வேர்ச் சிகிச்சை' என்று நேராகத் தாவுவது பரவலாக நடக்கும் தவறு. நிறம் ஒன்றை மட்டும் வைத்துப் பற்கூழ் செத்துவிட்டது என்று தீர்மானிக்கக் கூடாது. பல் காயங்களுக்கான பன்னாட்டுச் சங்கம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, அடிபட்ட பல்லில் பற்கூழ் இறந்ததென்று முடிவு கட்ட குறைந்தது இரண்டு அறிகுறிகள் வேண்டும். நிறமாற்றம் அவற்றில் ஒன்றாக இருக்கலாம். குளிர்ச் சோதனைக்கும் மின் சோதனைக்கும் பல் பதில் தராதது, வேர்முனையைச் சுற்றி எக்ஸ்ரேயில் கருவட்டம் தெரிவது, ஈறில் சீழ்க்கொப்புளம், தட்டினால் வலி, இளம்பல்லில் வேர் வளர்ச்சி நின்றுபோவது ஆகியவை மற்றவை.

சோதனைக்குப் பல் பதில் தராததையும் நிதானமாகப் பார்க்க வேண்டும். அடியின் அதிர்ச்சியில் நரம்பு மட்டும் மரத்து, இரத்த ஓட்டம் உயிரோடு இருப்பதுண்டு. அந்த மரத்த நிலை மூன்று மாதம் வரைகூட நீடிக்கலாம். சாம்பலான பல் சில மாதங்களில் பழைய நிறத்துக்குத் திரும்பியதும், சோதனைக்கு மீண்டும் பதில் தந்ததும் பல் மருத்துவத்தில் பதிவாகியிருக்கின்றன.

ஆனால் காத்திருப்பது என்றால் கண்ணை மூடிக்கொண்டு இருப்பது என்று அர்த்தம் இல்லை. இடம்பெயர்ந்த அளவுக்கு அடிபட்ட பல்லில் பற்கூழ் செத்துக் கிருமி பரவினால், வேரின் வெளிப்புறம் சில வாரங்களிலேயே அரிக்கத் தொடங்கும். அதனால் ஆட்டம் மட்டும் கண்டு இடம் மாறாத பல்லையும் இரண்டாம் வாரம், மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், ஓராண்டு என்று தேதி குறித்து, ஒவ்வொரு முறையும் சோதனையும் எக்ஸ்ரேயுமாகப் பார்க்க வேண்டும். இடம்பெயர்ந்த பல்லென்றால் இன்னும் நெருக்கமாகவும், ஐந்தாண்டு வரையும் பார்ப்பார்கள். அந்த ஒழுங்கோடு வர முடியாதவர் காத்திருப்பைத் தேர்ந்தெடுப்பது ஆபத்து; அதை மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது.

சுருக்கமாக: மஞ்சள் பல், வேறு அறிகுறி இல்லை என்றால் வேர்ச் சிகிச்சை தேவையில்லை. அடைபட்ட கால்வாயைத் தேடித் துளைப்பதில் வேரே ஓட்டையாகும் அபாயம் இருப்பதால், 'முன்னெச்சரிக்கையாக' அதைச் செய்வதற்கு நியாயம் கிடையாது. சாம்பல் பல், கூடவே இன்னொரு அறிகுறி என்றால் தாமதிக்கக் கூடாது. சாம்பல் மட்டும், மற்றெல்லாம் சரி என்றால் தேதி குறித்த காத்திருப்பு.

மேலே படிந்த கறை

இதை முதலில் கழித்துவிட வேண்டும். குளோர்ஹெக்சிடின் கலந்த வாய்கொப்பளிக்கும் மருந்தை இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் பழுப்புக் கறை விழும். இரும்புச்சத்து மருந்து, புகையிலை, தேநீர் எல்லாம் மேலேயே படிபவை. வரிசையிலிருந்து சற்று உள்வாங்கிய பல்லில் பிரஷ் சரியாகப் படாததால், அது மட்டும் கறுத்ததுபோலத் தெரியும். காரை எடுத்துப் பாலிஷ் செய்தால் ஒரே அமர்வில் போய்விடும். போகவில்லை என்றால்தான் நிறம் உள்ளே இருக்கிறது.

வேர்ச் சிகிச்சை முடிந்து கறுத்த முன்பல்

உண்மையில் முடிவெடுக்கத் திணறும் இடம் இதுதான். வழிகள் மூன்று: உள்ளிருந்து வெளுப்பது, முன்புறம் வெனீர் என்ற மெல்லிய படலம் ஒட்டுவது, முழுவதையும் மூடும் கேப் போடுவது. கேப்தான் முதலில் பரிந்துரைக்கப்படுவது வழக்கம். எங்கள் கணிப்பில் அது கடைசியாக வர வேண்டியது.

உள்வெளுப்பில் புதிதாக அராவ எதுவும் இல்லை. வேர்ச் சிகிச்சைக்காகப் பல்லின் பின்புறம் ஏற்கெனவே போட்ட துளை வழியாகவே உள்ளே போகிறார்கள். 1960களிலிருந்து நடந்துவரும் இந்த முறைக்கு 'வாக்கிங் ப்ளீச்' என்று பெயர். மருந்தைப் பல்லுக்குள் வைத்து அடைத்துவிட்டு, நோயாளி நடமாடிக்கொண்டிருக்கும்போதே அது வேலை செய்வதால் வந்த பெயர்.

வரிசை தவறாமல் செய்தால்தான் இது பாதுகாப்பு. முதலில் எக்ஸ்ரே: வேர் நிரப்பு, முனைக்கு 2 மி.மீ.க்குள் முடிந்து, நடுவில் வெற்றிடமில்லாமல் அடர்த்தியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் வேர்ச் சிகிச்சையைத்தான் முதலில் புதுப்பிக்க வேண்டும். அடுத்து நிறத்தை அளவு அட்டையோடு வைத்துப் புகைப்படம் எடுப்பது. இதை, உமிழ்நீர் படாமல் பல்லைத் தனியாக்கும் ரப்பர் திரை போடுவதற்கு முன்பே செய்ய வேண்டும். பல் சில நிமிடம் காய்ந்தாலே வெளிறிவிடும், அதை நம்பி எடுத்த அளவு பொய்யாகும். பிறகு பழைய அடைப்பை எடுத்து அறையைச் சுத்தம் செய்வார்கள். இதில் கவனிக்க வேண்டியது பற்கூழ் அறையின் மேல் மூலைகள் இரண்டும். வெட்டுப்பல்லில் அந்த மூலைகளில் சிக்கிய திசுவும் இரத்தமும்தான் பல நேரம் கறுப்புக்கே காரணம். அதைச் சுரண்டி எடுத்ததும் பல் பாதி தெளிந்துவிடுவதும் உண்டு.

கால்வாயை அடைத்திருக்கும் கட்டாபெர்ச்சாவை, பல்லின் கழுத்துக்கோட்டுக்கு 2 மி.மீ. கீழ்வரை இறக்குகிறார்கள். அந்த இடத்தில் கிளாஸ் அயனோமர் என்ற சிமெண்டால் 2 மி.மீ. தடிமனில் ஒரு தடுப்பு. பல்லின் கழுத்துக்கோடு நேராக ஓடுவதில்லை. முன்னும் பின்னும் தாழ்ந்து, பக்கங்களில் வளைந்து எழுகிறது. தடுப்பும் அந்த வளைவைத் தொடர வேண்டும். தட்டையாகப் போட்டால் பக்கங்களில் மருந்து கசிய வழி இருக்கும். அதன்மேல் சோடியம் பெர்போரேட் தூளைத் தண்ணீரில் ஈரமணல் பதத்துக்குக் குழைத்து நிரப்பி, மேலே குறைந்தது 2 முதல் 3 மி.மீ. தற்காலிக அடைப்பு வைக்கிறார்கள். சில நாடுகளில் பெர்போரேட்டுக்குக் கட்டுப்பாடு இருப்பதால் கார்பமைடு பெராக்சைடு ஜெல்லையும் வைப்பதுண்டு. மூன்று முதல் ஏழு நாளுக்கு ஒருமுறை மருந்தை மாற்றினால், இரண்டு முதல் நான்கு அமர்வில் நிறம் வந்துவிடும். பக்கத்துப் பல்லைவிட ஒரு சாயல் கூடுதலாக வெளுத்ததும் நிறுத்துவது நல்லது. முதல் சில வாரங்களில் கொஞ்சம் பின்வாங்கும்.

எங்கே கெடுகிறது? முதலாவது, தடுப்பு போடாமல் விட்டாலோ மெல்லியதாகப் போட்டாலோ. பெராக்சைடு டென்டின் வழியே கழுத்துப் பகுதிக்குக் கசிந்து, அங்கே வேரின் வெளிப்புறம் அரிக்கத் தொடங்கும். 30 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை உள்ளே விட்டுச் சூடேற்றிய பழைய முறையில் இது அதிகம் பதிவாயிற்று. அந்த முறையை இன்று யார் பரிந்துரைத்தாலும் மறுத்துவிடுங்கள். பெர்போரேட்டும் வெறும் தண்ணீரும் ஓரிரு அமர்வு கூடுதலாக எடுத்துக்கொண்டு அதே வேலையைச் செய்யும். இரண்டாவது, தற்காலிக அடைப்பு கழன்று விழுவது. உமிழ்நீர் உள்ளே போனால் மருந்து வீணாவதோடு வேர் நிரப்புக்கும் கிருமி போகும். அடைப்பு கழன்றால் அடுத்த அமர்வு வரை காத்திராமல் போய்க் காட்ட வேண்டும். மூன்றாவது, வெளுத்த கையோடு நிரந்தர அடைப்பு வைப்பது. பல்லில் தங்கிய ஆக்சிஜன், அடைப்புக்கான ரெசின் (பல்நிறப் பிசின்) கெட்டியாவதைத் தடுக்கும். ஒட்டு பலவீனப்பட்டு ஓரம் கசியும், கசிந்த பல் மறுபடி கறுக்கும். ஒன்று முதல் மூன்று வாரம், பொதுவாக இரண்டு வாரம், இடைவெளி விட வேண்டும்.

எல்லாக் கறுப்பும் இதற்கு மசியாது. இரத்தக் கறையும் திசுச் சிதைவும் நன்றாக வெளுக்கும். வெள்ளி கலந்த பழைய வேர் சீலர் (வேர் நிரப்பை ஒட்டும் பசை), உலோக அடைப்பின் சாயம் ஆகியவை கிட்டத்தட்ட அசையாது. மினோசைக்ளின் கலந்த மருந்துப் பசை, பிஸ்மத் ஆக்சைடு உள்ள எம்டிஏ சிமெண்ட் ஆகியவற்றால் வரும் கறுப்பில் பலன் நிச்சயமில்லை. அந்தச் சிமெண்டைக் கழுத்துக்குக் கீழ்வரை எடுத்துவிட்டு வெளுத்தால் வாய்ப்பு கூடும். நான்கு அமர்வில் அசையாத பல்லை ஐந்தாவது, ஆறாவது என்று தொடர்வதில் பயனில்லை. வெளுத்த பல் சில ஆண்டுகளில் ஓரளவு திரும்பக் கறுப்பதும் உண்டு. அதை முறையின் தோல்வியாகப் பார்க்க வேண்டியதில்லை. பல் அப்படியே இருக்கிறது, மீண்டும் செய்யலாம், வேறு வழிக்கும் போகலாம்.

வெனீரில் இரண்டு வகை. காம்போசிட் (பல்நிற ரெசின்) வெனீரை மருத்துவரே நாற்காலியில் வைத்து, அடுக்கடுக்காகப் பூசி முடிக்கிறார். பல்லை அராவாமலும் செய்யலாம். ஆனால் கறுப்பை மறைக்க முதலில் ஒளிபுகாத ரெசினை மெல்லிய படலமாகப் பூச வேண்டும்; அதற்கும் அதன்மேல் வரும் நிற அடுக்குக்கும் இடம் வேண்டும். இடமில்லாமல் அடுக்கினால் பல் வீங்கினாற்போல முன்னே தள்ளித் தெரியும். ஓரங்களில் கறை ஏறும், முனை உடையும், பளபளப்பு மங்கும். ஐந்து முதல் ஏழு ஆண்டு தாங்கினால் நல்ல வேலை என்று கொள்ளலாம். உடைந்தால் அரைமணியில் ஒட்டிவிடலாம் என்பது இதன் பெரிய பலம்.

பீங்கான் வெனீர் நிறத்திலும் பளபளப்பிலும் நீண்ட காலம் நிற்கும். வழக்கமான பல்லில் 0.3 முதல் 0.5 மி.மீ. அராவினால் போதும். கறுத்த பல்லில் அது போதாது. மெல்லிய பீங்கான் கண்ணாடிபோல அடிநிறத்தைக் காட்டிவிடும். மறைக்க 0.7 மி.மீ. முதல் 1 மி.மீ. வரை போக வேண்டிவரும். இங்கேதான் சிக்கல். வெட்டுப்பல்லின் கழுத்துப் பகுதியில் எனாமலின் தடிமனே ஏறக்குறைய 0.3 மி.மீ.தான். அதைத் தாண்டி டென்டினுக்குள் போனால் ஒட்டு எனாமலில் பிடிப்பதுபோல் பிடிக்காது. ஆக, எந்தப் பல்லுக்குத் தடித்த வெனீர் தேவையோ அந்தப் பல்லில்தான் வெனீர் பலவீனமாக ஒட்டுகிறது. முதலில் வெளுத்துவிட்டு, இரண்டு வாரம் விட்டு வெனீர் செய்தால் இந்த முடிச்சு அவிழும்: அடிநிறம் தெளிந்திருப்பதால் மெல்லிய அராவலே போதும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முன்வரிசையில் ஒரே ஒரு நடு வெட்டுப்பல்லுக்குப் பீங்கான் செய்து பக்கத்துப் பல்லோடு பொருத்துவது பல் மருத்துவத்தின் மிகக் கடினமான வேலைகளில் ஒன்று. ஆய்வகத்துக்கு வெளிநிறம் மட்டும் போனால் போதாது. அராவிய பிறகு அடியில் தெரியும் பல்லின் நிறத்தையும் புகைப்படத்தோடு அனுப்ப வேண்டும். ஒட்டுவதற்கு முன் சோதனைப் பசையில் வைத்து, பல் ஈரமாக இருக்கும்போது, பகல் வெளிச்சத்தில் கண்ணாடியில் பார்த்து நீங்கள் சம்மதம் சொல்ல வேண்டும். ஒட்டிய பிறகு நிறம் பிடிக்கவில்லை என்றால் அதை உடைத்துத்தான் எடுக்க முடியும்.

கேப்புக்கு வருவோம். சுற்றிலும் 1 முதல் 1.5 மி.மீ., வெட்டுமுனையில் 2 மி.மீ. அளவுக்குப் பல்லைச் சிறிதாக்க வேண்டும். அராவும்போது போகும் பல்லின் எடையை அளந்து 2002இல் வெளியான ஆய்வில், வெனீர் வகைகளுக்குப் பல்லின் வெளித்தெரியும் பகுதியில் 3 முதல் 30 சதவீதமும், முழுக் கேப்புக்கு 63 முதல் 72 சதவீதமும் போயிற்று. வேர்ச் சிகிச்சைத் துளையால் உள்ளே ஏற்கெனவே குடைந்த பல்லை வெளியேயும் இவ்வளவு குறைத்தால் எஞ்சுவது மெல்லிய வளையம்தான். அதைத் தாங்க உள்ளே கம்பம் நட வேண்டிவரும். கம்பம் நட்ட பல் தோற்கும்போது சில நேரம் வேரோடு பிளக்கிறது. பிளந்த வேரைக் காப்பாற்ற வழியில்லை.

வேர்ச் சிகிச்சை செய்த முன்பல்லுக்குக் கேப் கட்டாயம் என்ற எண்ணம் பரவலாக உண்டு. அது கடைவாய்ப்பல்லுக்குப் பொருந்தும். மெல்லும் விசையில் அதன் முகடுகள் பிளக்காமல் மூடிக் காக்க வேண்டும். முழுசாக இருக்கும் முன்பல்லுக்கு நல்ல அடைப்பே போதும். பல்லின் இரு பக்கமும் பெரிய அடைப்புகள், முனை உடைந்தது, பின்துளையும் அகலம் என்று பாதிக்குமேல் ஏற்கெனவே போயிருந்தால் கேப் நியாயமான தேர்வு. அப்போதும் ஈறுக்கு மேலே சுற்றிலும் 1.5 முதல் 2 மி.மீ. உயரத்துக்குச் சொந்தப் பல் நிற்க வேண்டும். கேப் அந்த வளையத்தைப் பிடித்துக்கொண்டுதான் தாங்குகிறது.

நிறத்தை மறைப்பதிலும் கேப் சர்வ நிவாரணி இல்லை. கறுப்பை முற்றாக மறைக்கும் ஒளிபுகா பீங்கான், பக்கத்துப் பல்லின் உயிரோட்டம் இல்லாமல் சுண்ணாம்புபோல நிற்கும். ஒளி புகும் பீங்கான் இயல்பாகத் தெரியும், ஆனால் அடிநிறத்தை விட்டுவிடும். ஈறு மெல்லியதாக உள்ளவர்களுக்குக் கறுத்த வேரின் நிழல் ஈறு வழியாகவே தெரியும். வெனீரோ கேப்போ அங்கே எட்டாது. அதற்கு ஈறைத் தடிப்பாக்கும் திசு ஒட்டுச் சிகிச்சை ஒன்றுதான் ஓரளவு உதவும். சிரிக்கும்போது ஈறு வெளியே தெரியாதவர் அதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. முடிவெடுக்கும் முன் இயல்பாகச் சிரித்துக் கண்ணாடியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே வரிசை: உள்வெளுப்பு, போதாவிட்டால் காம்போசிட், அதுவும் போதாவிட்டால் பீங்கான் வெனீர், பல்லே போதாதபோது கேப். முன்னதிலிருந்து பின்னதற்கு எப்போது வேண்டுமானாலும் போகலாம். கேப்பிலிருந்து வெனீருக்குத் திரும்ப முடியாது. பல் எடுத்து இம்ப்ளான்ட் வைப்பதை நிறத்துக்கான தீர்வாக எண்ணவே வேண்டாம்.

உயிரோடு மஞ்சளான பல்

இதற்கு உள்ளே திறக்காமல் வெளியிலிருந்து வெளுப்பதே முதல் வழி. பல்லுக்கு அளவெடுத்துச் செய்த மெல்லிய ட்ரேயில் 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு ஜெல்லை வைத்து இரவில் அணிய வேண்டும். கார்பமைடு பெராக்சைடில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ஹைட்ரஜன் பெராக்சைடாக வேலை செய்யும். 10 சதவீத ஜெல் 3.5 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடுக்குச் சமம். பெட்டியில் போட்டிருக்கும் எண்களை ஒப்பிடும்போது இதை மறந்துவிடக் கூடாது.

ஒரு பல்லுக்கு மட்டும் என்பதால், பக்கத்துப் பற்களுக்கு நேரான இடத்தில் ட்ரேயை வெட்டித் திறந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அவையும் சேர்ந்து வெளுத்து வேறுபாடு அப்படியே நிற்கும். இரண்டு வாரத்தில் மாற்றம் தெரியும். அடர்மஞ்சளுக்கு ஆறு வாரம்வரை ஆகலாம். கூச்சம் வந்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் போடலாம், அல்லது அதே ட்ரேயில் பொட்டாசியம் நைட்ரேட் ஜெல்லைப் பத்து முதல் முப்பது நிமிடம் வைக்கலாம். ஜெல் அரிசி அளவு போதும். வழிந்து ஈறில் பட்டால் ஈறு வெளுத்து எரியும்.

மருத்துவமனையில் 25 முதல் 40 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடால் ஒரே அமர்வில் செய்வது வேகம். அமர்வு முடிந்ததும் தெரியும் வெள்ளையில் ஒரு பங்கு பல் காய்ந்ததால் வந்தது. சில நாளில் இறங்கும். கூச்சமும் கூடுதல். தனிப்பல்லுக்கு ட்ரே முறையே மேல், ஏனென்றால் நிறம் பொருந்திய இரவில் நீங்களே நிறுத்திக்கொள்ள முடியும். பக்கத்துப் பல்லுக்கு இணையாக வராமல் நின்றுவிட்டால், மீதியைக் காம்போசிட் கொண்டு சரிக்கட்டலாம்.

வெள்ளை, பழுப்புத் திட்டுகள்

பல்லே நிறம் மாறாமல், அதில் திட்டு மட்டும் இருந்தால் கணக்கு வேறு. பல் கம்பி கழற்றிய பிறகு தெரியும் சுண்ணாம்பு வெள்ளைத் திட்டு, எனாமலிலிருந்து தாது கரைந்து நுண்துளை விழுந்ததன் அடையாளம். முதல் சில மாதம் சாதாரண ஃபுளோரைடு பற்பசையும் நல்ல துலக்கலும் மட்டும் போதும். உமிழ்நீரே ஓரளவு மீட்டுவிடும். அவசரப்பட்டு முன்புறத் திட்டின்மேல் அடர் ஃபுளோரைடு வார்னிஷைப் பூசினால் மேல்தோல் மட்டும் இறுகி, வெள்ளை உள்ளே அப்படியே நின்றுவிடலாம்.

அதன் பிறகும் நின்றால் ரெசின் ஊடுருவல் நல்ல வழி. இதன் சூட்சுமம் ஒளியில் இருக்கிறது. எனாமலின் ஒளிவிலகல் எண் (ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்ற அளவு) 1.62, துளைகளில் இருக்கும் தண்ணீருக்கு 1.33, காற்றுக்கு 1. இந்த வேறுபாட்டில் ஒளி சிதறுவதால்தான் வெள்ளை தெரிகிறது; பல் காய்ந்தால் திட்டு பளிச்சிடுவதும் அதனாலேயே. 15 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை இரண்டு நிமிடம் வைத்து மேல்தோலைத் திறந்து, எத்தனாலால் உலர்த்தி, நீர்போன்ற ரெசினை மூன்று நிமிடம் ஊறவிட்டு ஒளியில் கெட்டியாக்குகிறார்கள். எனாமலுக்கு நெருங்கிய ஒளிவிலகல் எண் கொண்ட ரெசின் துளைகளை நிரப்புவதால் சிதறல் குறைந்து திட்டு மங்கும். எத்தனால் பட்டதுமே திட்டு மங்கினால் ரெசினும் பலன் தரும். மங்காவிட்டால் அமிலத்தை இன்னொரு முறை வைத்துப் பார்க்க வேண்டும். துரப்பணம் தேவையில்லை.

மேலோட்டமான பழுப்புத் திட்டுக்கு, அமிலமும் சிராய்ப்புத் தூளும் கலந்த பசையால் தேய்க்கும் நுண்சிராய்ப்பு முறை பொருந்தும். அது ஒரு மி.மீ.இல் பத்தில் ஒன்று, இரண்டு பங்கு எனாமலை எடுக்கும். பால்பல்லில் பட்ட அடியாலோ சீழாலோ குறையோடு முளைத்த நிலைப்பல்லில் திட்டு ஆழமாக இருக்கும். அங்கே இரண்டுமே போதாமல் காம்போசிட் வைக்க நேரும். வெளுப்பு மட்டும் செய்தால் பழுப்பு குறையும், வெள்ளைத் திட்டு போகாது. சுற்றியுள்ள பல் வெளிறுவதால் வேறுபாடு சற்றுக் குறைந்து தெரியும், அவ்வளவே.

வளரும் பிள்ளையின் நிலைப்பல்

முளைத்து மூன்று ஆண்டு வரை வேர்முனை திறந்தே இருக்கும். அந்த அகன்ற வாய் வழியே இரத்த ஓட்டம் மீண்டும் ஏற்பட வாய்ப்பு இருப்பதால், அடிபட்டு நிறம் மாறிய இளம்பல்லுக்குப் பெரியவர்களைவிடக் கூடுதல் பொறுமை காட்டலாம். அதே சமயம் கிருமி புகுந்தால் வேர் வளர்வது நின்று, சுவர் மெலிந்த குட்டைப் பல்லாக மிஞ்சும். தேதி தவறாத சோதனை இங்கே இரட்டிப்பு அவசியம். பீங்கான் வெனீரும் கேப்பும் பதின்பருவத்தில் வேண்டாம். பற்கூழ் அறை பெரிது, ஈறும் இன்னும் மேலேறும். இன்று ஈறுக்குள் ஒளித்த ஓரம் நாலு வருடத்தில் வெளியே தெரியும். பள்ளியில் கேலிக்கு ஆளாகும் பிள்ளைக்கு அராவாமல் ஒரு காம்போசிட் பூச்சு போதும். அது அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய விடுதலை என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். 'பெரியவனானதும் பார்க்கலாம்' என்று தட்டிக்கழிப்பது சரியல்ல.

கைவைத்தியம்

எலுமிச்சை, கரித்தூள், உப்பு எதுவும் உள்ளே மாறிய நிறத்தைத் தொடாது. எலுமிச்சை அமிலம் எனாமலைக் கரைக்கும், கரித்தூள் தேய்க்கும். எனாமல் மெலிந்தால் அடியிலுள்ள மஞ்சள் டென்டின் இன்னும் தெளிவாகத் தெரியும். வெளுக்கப் போய் மஞ்சளைக் கூட்டிக்கொள்வதுதான் மிச்சம். பக்கத்துப் பல்லில் ஏற்கெனவே அடைப்போ கேப்போ இருந்தால், அவை எந்த வெளுப்பு மருந்துக்கும் நிறம் மாறாது என்பதையும் நினைவில் வையுங்கள். வெளுப்பை முதலில் முடித்துவிட்டு, அந்த நிறத்துக்குப் பொருத்தமாக அவற்றை மாற்றுவதே ஒழுங்கு.

செய்து முடித்த பிறகு

உள்ளிருந்து வெளுத்த பல்லுக்கு ஆண்டுக்கு ஒரு எக்ஸ்ரே தேவை. கழுத்து அரிப்பு பல ஆண்டு கழித்தும், வலியே இல்லாமலும் தொடங்கலாம். சின்ன வயதில் அடிபட்டுச் செத்த பல்லுக்கு இந்தக் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். அதே இடத்தில், அதே வெளிச்சத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு புகைப்படம் எடுத்து வைத்தால், நிறம் மெல்லத் திரும்புவதைக் கண்ணாடியைவிடத் தெளிவாகக் காட்டும். திரும்பும் கறுப்பு அடைப்பின் ஓரத்தில் தொடங்கினால் அது கசிவு. அடைப்பை மட்டும் மாற்றினால் போதும். பல் முழுவதும் சீராக மங்கினால் மறுபடி ஓரிரு அமர்வு வெளுப்பு. ஈறோரத்தில் இளஞ்சிவப்பு தெரிந்தால் புகைப்படம் எடுத்து ஒப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டாம். அந்த வாரமே எக்ஸ்ரே எடுத்துவிட வேண்டும்.